கம்ப்யூட்டர் ஸ்லோவாகிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ" என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, "எப்ப ஸ்லோ ஆகுது?" என்பதைத்தான். ஆன் செய்ததும் பத்து நிமிடம் மட்டும் திணறுகிறதா, நன்றாக ஓடிக்கொண்டிருந்து நடுவில் படுத்துவிடுகிறதா, பிரவுசரைத் திறந்தால்தான் தொல்லையா, எந்நேரமும் இப்படித்தானா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி காரணம் தெரிந்துவிடும். இதைக் கேட்காமலே ஃபார்மட் அடிப்பதும் புது ரேம் வாங்கிப் போடுவதும்தான் அதிகம் நடக்கிறது. ஃபார்மட் செய்தாலும் தூசி அடைத்த ஃபேன் அடைத்தபடியேதான் இருக்கும். ரேமைக் கூட்டினாலும் சாகக் கிடக்கிற ஹார்ட் டிஸ்க் பிழைக்காது.

கீழே சொல்பவை விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டு மெஷின்களுக்கானவை. உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறியை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்து வரும் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

கைவைப்பதற்கு முன்

முதல் வேலை பேக்கப். புகைப்படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பல புதிய லேப்டாப்களில் டிஸ்க், நீங்கள் சொல்லாமலே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ அது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். இப்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கில் உள்ளதை எவராலும் மீட்டுத் தர முடியாது.

இரண்டாவது, டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள் வரும். மெஷின் திணறும் அந்த நிமிடத்திலேயே இதைத் திறக்க வேண்டும். எல்லாம் சரியானபின் திறந்து பார்த்தால் எல்லா எண்ணும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். நான்கில் எது 90 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் பத்தியின் தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வந்துவிடும்.

மூன்றாவது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றி மெஷின் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டெஸ்க்டாப் வந்துவிடுகிறது, ஆனால் பத்து நிமிடத்துக்கு எதுவும் நகரவில்லை

விண்டோஸுடன் சேர்ந்தே எழுந்திருக்கும் புரோகிராம்கள்தான் முதல் சந்தேகம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று 'ஹை', 'மீடியம்', 'லோ' எனக் குறித்திருக்கும். சாட் ஆப், கேம் லாஞ்சர், மியூசிக் பிளேயர், பிரிண்டருடன் வந்த அப்டேட்டர் போன்றவற்றைத் தயங்காமல் டிஸேபிள் செய்யலாம். இது அவற்றை அழிப்பதில்லை. நீங்கள் கூப்பிடும்போது வழக்கம்போல் திறக்கும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ, கிராஃபிக்ஸ் டிரைவர் (அந்தந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) தொடர்பானவற்றைத் தொட வேண்டாம். பெயர் புரியாததை விட்டுவிடுங்கள்.

இதைச் செய்த பிறகும் அதே பத்து நிமிடம் ஆகிறது என்றால், கீழே வரும் டிஸ்க் பகுதிக்குத் தாவுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தினமும் அணைத்து வைத்தும், நாளாக நாளாக மந்தமாகிறது

என் சித்தப்பா வீட்டு மெஷினில் இதைப் பார்த்தேன். "தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தாம்ப்பா படுக்குறேன்" என்றார். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் சிபியு. கீழே 'அப் டைம்' என்ற இடத்தில் 23 நாள் என்று இருந்தது. அவர் சொன்னது உண்மைதான்; விண்டோஸ் காட்டியதும் உண்மைதான்.

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படும். ஏதாவது டிரைவர் தடுமாறியிருந்தால் அந்தத் தடுமாற்றமும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். டிஸ்க், சுற்றும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி வகையாக இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தில் அதற்கான டிக் இருக்கிறது. எஸ்.எஸ்.டியில் இதனால் கூடும் நேரம் சில விநாடிகள்தான்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது

வீட்டு மெஷின்களில் நான் அதிகம் பார்த்த தொல்லை இதுதான். மவுஸ் நகரும், ஆனால் கிளிக் செய்த ஃபோல்டர் அரை நிமிடம் கழித்துத் திறக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 10 சதவீதம், மெமரி பாதி, டிஸ்க் மட்டும் சிவந்துபோய் 100. பக்கத்தில் வேகத்தைப் பார்த்தால் விநாடிக்கு ஒரு எம்பி கூட இருக்காது. ஒரு எம்பிக்கே மூச்சு வாங்குமா என்று தோன்றும். வாங்கும். ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லிவிநாடி. தகவல் இருக்கும் இடம் ஊசிக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லிவிநாடி. ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லிவிநாடி. ஆக ஒரு துண்டை எடுக்க 12, 13 மில்லிவிநாடி. விநாடிக்கு 80 துண்டுகள்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் மொத்தம் 320 கேபி! பெரிய வீடியோ ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் தருகிற அதே டிஸ்க், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்டால் இப்படித்தான் முடங்கும். விண்டோஸ் தொடங்கும்போதும், அப்டேட் ஓடும்போதும், ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்யும்போதும் நடப்பது இந்தச் சிதறிய வேலைதான். பழைய லேப்டாப்களில் இருக்கும் 5400 சுற்று டிஸ்க் இன்னும் மந்தம். எஸ்.எஸ்.டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதனால் அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும்.

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தொட்டால் எச்.டி.டி (சாதாரண ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்.எஸ்.டி என்று எழுதியிருக்கும். எச்.டி.டி என்றால், அதிலும் விண்டோஸ் அதில்தான் இருக்கிறது என்றால், செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் கொஞ்சம்தான் தேறும். எஸ்.எஸ்.டிக்கு மாறுங்கள். பழைய மெஷினுக்கு இதைவிடப் பெரிய உயிர்ப்பைத் தரும் மாற்றம் வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். குளோனிங் மென்பொருள் கொண்டு இருப்பதை அப்படியே நகலெடுத்து மாற்றலாம். வாங்குவதற்கு முன் உங்கள் மெஷினின் கையேட்டைப் பாருங்கள். 2.5 அங்குல சாட்டா வகையா, எம்.2 வகையா, எம்.2 என்றால் சாட்டாவா என்விஎம்இயா என்பது முக்கியம். ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே அது வேலை செய்துவிடாது.

ஏற்கெனவே எஸ்.எஸ்.டிதான், அல்லது நேற்று வரை நன்றாக இருந்த டிஸ்க் திடீரென்று 100இல் நிற்கிறது என்றால் வேறு கணக்கு. அதே பக்கத்தில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒன்று இருக்கும். நல்ல எஸ்.எஸ்.டியில் அது பெரும்பாலும் ஒற்றை இலக்க மில்லிவிநாடிதான். சும்மா இருக்கும்போதே ஆயிரக்கணக்கில் போகிறது என்றால் டிஸ்க்கிலோ கேபிளிலோ கோளாறு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் 'ரீஅலொகேட்டட் செக்டர்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' ஆகிய இரண்டு வரிகளையும் பாருங்கள். இரண்டாவது பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. அந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டி முழு டிஸ்க்கையும் ஸ்கேன் செய்யாதீர்கள். முதலில் வேண்டியதை நகலெடுங்கள். சாகும் டிஸ்க்குக்கு மணிக்கணக்காக வேலை கொடுத்தால், எடுத்திருக்கக்கூடியதும் போய்விடும்.

'சிஆர்சி எரர் கவுண்ட்' மட்டும் ஏறுகிறது என்றால் மகிழ்ச்சியான செய்தி. டிஸ்க் நன்றாக இருக்கிறது. சந்தேகம் கேபிள் மேல்தான். ஒரு டெஸ்க்டாப்புக்கு "டிஸ்க் போச்சு, மாத்தணும்" என்று ஒரு சர்வீஸ் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்மார்ட் பட்டியலில் இந்த ஒரு வரி மட்டும் ஆயிரங்களில் இருந்தது. சிவப்பு சாட்டா கேபிளைக் கழற்றிப் பார்த்தால், கேபினெட் மூடி அழுத்தி அழுத்தி முனைக்குப் பக்கத்தில் மடிந்து வெளுத்திருந்தது. வேறு கேபிள் மாட்டியதும் எண் ஏறுவது நின்றது. ஏறிய எண் இறங்காது. புதிதாக ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

எஸ்.எஸ்.டி நிரம்பி வழிந்தாலும் எழுதும் வேகம் விழும். சி டிரைவில் 15, 20 சதவீதம் காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் போய் டெம்பரரி ஃபைல்களை அழியுங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும்; டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் நுழைந்து கையால் எதையும் அழிக்கக் கூடாது. எஸ்.எஸ்.டிக்கு டிஃப்ராக் மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸே அதற்குரிய டிரிம் வேலையைத் தானாகச் செய்துகொள்கிறது.

முதல் பத்து நிமிடம் பறக்கிறது, பிறகு படுத்துவிடுகிறது

இது சூடு. பிராசஸர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கம் 'ஸ்பீட்' என்ற எண்ணைப் பாருங்கள். வேலை அதிகமாக இருக்கும்போதே அது 'பேஸ் ஸ்பீட்' எண்ணுக்குக் கீழே விழுந்து, ஃபேன் இரைந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். எச்டபிள்யுமானிட்டர் போன்ற மென்பொருள் வெப்பத்தை எண்ணாகவே காட்டும்.

லேப்டாப்பை மெத்தை மேலிருந்து எடுத்துக் கெட்டியான மேஜையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்திப் பாருங்கள். அதிலேயே மாற்றம் தெரிந்தால் காற்றோட்டம்தான் பிரச்சினை. அடுத்தது சுத்தம். அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளில் கொஞ்சம் தூசிதான் தெரியும். அதைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அசல் அடைப்பு அங்கே இல்லை. ஃபேனுக்கும் அதை ஒட்டியிருக்கும் மெல்லிய தாமிரத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு போல ஒரு படலம் அப்பியிருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியும். சிறு இடுக்கியால் ஒரே உரியாக வந்துவிடும். மெஷின் அணைந்து, சார்ஜர் பிடுங்கி, முடிந்தால் பேட்டரி கனெக்டரையும் கழற்றிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தூசி போகக் காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; கட்டற்றுச் சுழன்றால் பேரிங் கெடும்.

சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை, மெஷினுக்கு நான்கைந்து வயது என்றால் பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு சிறு துளி வைக்க வேண்டும். லேப்டாப்பைப் பிரித்துப் பழக்கமில்லை என்றால் இதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சூடே இல்லை, ஆன் செய்த நொடியிலிருந்தே ஸ்பீட் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிற்கிறது என்றால் சார்ஜரைப் பாருங்கள். பல லேப்டாப்கள் வாட் குறைந்த சார்ஜரையோ அடையாளம் தெரியாத சார்ஜரையோ மாட்டினால் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டும்போது வேகம் திரும்பினால் காரணம் உறுதி.

பிரவுசரைத் திறந்தால் மட்டும் திணறுகிறது

குரோம், எட்ஜ் இரண்டுக்கும் சொந்தமாக ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. பிரவுசருக்குள் இருந்தபடி ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்: பெரும்பாலும் குற்றவாளி டேப் அல்ல, எப்போதோ கூப்பன் தேடவோ வீடியோ இறக்கவோ போட்ட எக்ஸ்டென்ஷன். எல்லா எக்ஸ்டென்ஷனையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டேப்கள்தான் காரணம் என்றால், பார்க்காத டேப்களின் மெமரியை விடுவிக்க குரோம் செட்டிங்ஸில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இருக்கிறது.

பிரவுசர் மட்டுமல்ல, மொத்த மெமரியே எப்போதும் 85 சதவீதத்துக்கு மேல் என்றால் ரேம் போதவில்லை. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அதனால்தான் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அந்தத் தேக்கம். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது நிறுவுவதற்கான அளவு. வசதியாக வேலை செய்ய 8 வேண்டும். நிறைய டேப் வைப்பவருக்கு 16. மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்று இருந்தால் காலி இடம் இருக்கிறது, இன்னொன்று சேர்க்கலாம். ஆனால் மெமரி 50 சதவீதத்திலேயே இருக்கும் மெஷினுக்கு ரேம் கூட்டி ஒரு பயனும் இல்லை. ரேமைக் 'காலி செய்து தரும்' மென்பொருளும் வேண்டாம், ரெஜிஸ்ட்ரி கிளீனரும் வேண்டாம். ஒன்று விண்டோஸ் செய்யும் வேலையைக் கெடுக்கும். மற்றது விண்டோஸையே கெடுக்கக்கூடும்.

சும்மா வைத்திருந்தாலும் ஃபேன் இரைகிறது

டாஸ்க் மேனேஜரில் மேலே 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' இருந்தால் டிஃபெண்டர் ஸ்கேன் நடக்கிறது. அரை மணி நேரம் விடுங்கள். அப்டேட், சர்ச் இண்டெக்ஸரும் அப்படித்தான். வெளியிலிருந்து வாங்கிய ஆன்டிவைரஸ் இரண்டு சேர்ந்து ஓடினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருக்கும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்குகிறது, மூடியதும் இரைகிறது என்றால் அது கெட்ட அறிகுறி. உங்கள் பிராசஸரை வைத்து யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர்களில் சில அப்படி ஒளிந்துகொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். அங்கே ஒளிய இடம் குறைவு.

இன்டர்நெட் மட்டும் ஊர்கிறது

போனில் அதே வைஃபை வேகமாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் கோளாறு மெஷினில். 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தால் 5க்கு மாற்றுங்கள். சுவர் குறைவான தூரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வைஃபை டாங்கிளுக்குப் பக்கத்து போர்ட்டில் யுஎஸ்பி 3 டிஸ்க் செருகியிருந்தால் அதன் இரைச்சல் 2.4ஐக் கெடுக்கும், தள்ளி மாட்டுங்கள். கேபிளில் இணைத்தும் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீட் 100 என்றே காட்டுகிறது, ரூட்டரோ கிகாபிட் (1000) என்றால், கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று விட்டிருக்கும். 100க்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும்.

எந்தத் தளமும் பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் மறுத்தால், மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய தேதிக்குப் போயிருந்தால் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். டெஸ்க்டாப்பில் இது அடிக்கடி நடந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது.

திடீரென அணைகிறது, அல்லது நீலத்திரை வருகிறது

இரண்டும் ஒன்றல்ல. எந்தச் செய்தியும் இல்லாமல் விளக்கு அணைந்ததுபோல் போனால் சூடு அல்லது மின்சாரம். கேம், வீடியோ எடிட்டிங் போன்ற பாரமான வேலையில் மட்டும் அணைகிறது, வெப்பமும் சரியாக இருக்கிறது என்றால் டெஸ்க்டாப்பில் எஸ்.எம்.பி.எஸ்ஸைச் (உள்ளே மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) சந்தேகியுங்கள். வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம், ஆனால் அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று பார்த்துப் பதற வேண்டாம். முறையாக அணையவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல.

பிழைச்செய்தியுடன் வரும் நீலத்திரை (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் கருப்புத்திரை) என்றால் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடி, வரும் வரைபடத்தைத் திறங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முன் என்ன நிறுவினீர்கள் என்பது நாள்வாரியாக இருக்கும். அந்த டிரைவரையோ புரோகிராமையோ நீக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப்பெயர் வந்தால் ரேம் மேல் சந்தேகம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை இரவில் ஓட விடுங்கள். பிழை வந்தால் ரேம்களைக் கழற்றி, ஒன்றை மட்டும் மாட்டி ஓட்டி, பிறகு மற்றதை மாட்டி ஓட்டுங்கள். சில சமயம் கழற்றி அழுத்தி மாட்டியதிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் மந்தம்தான்

வெப்பம் சரி, டிஸ்க் நலம், ரேம் போதும், மால்வேர் இல்லை. இருந்தும் ஓடவில்லை என்றால் இப்போது ஃபார்மட்டைப் பற்றிப் பேசலாம். செட்டிங்ஸில் ரெக்கவரி, அதில் 'ரீசெட் திஸ் பிசி'. நிறுவியிருக்கும் மென்பொருள்களின் பட்டியலையும் லைசென்ஸ் எண்களையும் முன்பே எழுதி வையுங்கள். பேக்கப்பை வேறொரு மெஷினில் திறந்து பார்த்து, ஃபைல்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மெஷினில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப்) உட்பட விண்டோஸ் 11 கேட்பவை இருந்தால் இந்தச் சமயத்திலேயே மாறிவிடுவது நல்லது.

ரீசெட் முடிந்த முதல் நாள் மெஷின் மந்தமாகத்தான் இருக்கும். அப்டேட்கள் இறங்கும், டிரைவர்கள் நிறுவப்படும், இண்டெக்ஸர் எல்லா ஃபைல்களையும் முதலிலிருந்து படிக்கும். சார்ஜரில் போட்டு, ஸ்லீப் ஆகாதபடி வைத்து, ஓர் இரவு ஓட விடுங்கள். மறுநாள் காலை ஒரு ரீஸ்டார்ட் கொடுத்து, டாஸ்க் மேனேஜரில் நான்கு எண்களும் எங்கே நிற்கின்றன என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை மெஷின் திணறும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.